டெல்மாவின் தகர வாளி

மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ரூடி ஊர் மண்டபத்தின் முன்னால் பனி தள்ளும் லாரியை நிறுத்தினான். வருடா வருடம் செய்கிற வேலைதான். வாசலில் கிடக்கும் பனியைத் தள்ள வேண்டும், படியில் உப்புத் தூவ வேண்டும், உள்ளே போய் விறகு அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். ஒன்பதரைக்கு ஊர்க்கூட்டம். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் இந்த ஒரு நாள் மட்டும் எல்லாரும் ராஜாதான். சாலையோ, பள்ளிக்கூடமோ, தெருநாய்த் தொல்லையோ, மடியில் பின்னல் வேலையை வைத்துக்கொண்டு, வாயாலேயே ஓட்டுப் போட்டு முடித்துவிடுவார்கள்.

மண்டபத்துக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். அதன் ஓரத்து மண்மேட்டுக்குள் ஒரு கல் அறை, இரும்புக் கதவு. குளிர்காலத்தில் நிலம் பாறையாய் இறுகிவிடும், குழி வெட்ட முடியாது. அதனால் டிசம்பருக்குப் பிறகு சாகிறவர்கள் மே மாதம் வரைக்கும் பெட்டிக்குள் அங்கேதான் காத்துக் கிடப்பார்கள். இந்த வருடம் உள்ளே ஒரே ஒரு பெட்டி. டெல்மா. ஊரில் குழி வெட்டுகிறவனும் ரூடிதான் என்பதால் அறையின் சாவி அவன் இடுப்பில் தொங்கியது.

கதவை மறைத்து இடுப்பளவு பனி. ஒரு காலடித் தடம்கூட இல்லை. பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். லாரியில் பின்னால் வருவதைப் பார்க்கிற வலப்பக்கக் கண்ணாடியையும் ஜனவரியிலிருந்து மடக்கியேதான் வைத்திருந்தான். கேட்டவர்களிடம் திருகு கழன்றுவிட்டது என்று சொல்லி வைத்திருந்தான்.

மண்டபத்துக் கதவைத் திறந்ததும் ஒரு வாசனை வந்து மூக்கில் அடித்தது.

பசு மடிக்குப் பூசுகிற களிம்பு.

டெல்மா அதைத்தான் தன் வெடித்த கைகளுக்குப் பூசிக்கொள்வாள். கடையில் அவள் பின்னால் வரிசையில் நின்றாலே தெரியும். ரூடி அடுப்பில் விறகை அள்ளிப் போட்டான். புகை வந்தது, சூடு வந்தது. வாசனை மட்டும் போகவில்லை.

ஒன்பது மணிக்குக் கூட்டம் சேர ஆரம்பித்தது. ஈரக் கம்பளி, காப்பி, அவரைக்காய்ச் சட்டி, இனிப்புப் பணியார வகைகள். ஊன்றி நடக்கும் கைப்பிடிச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு டெல்மாவின் கணவர் ஓரின் வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் தொப்பியை வைத்தார். நாற்பது வருடமாக அது டெல்மாவின் இடம்.

ஊர்க்குழுத் தலைவன் கிளேட்டன், ரூடியை அடுப்போரமாக ஒதுக்கினான்.

"யாராவது கேட்டா என்ன சொல்லணும்னு ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு."

"அன்னிக்கு நீ குன்றுமேல ஓரின் அண்ணன் வீட்டு வாசல் வரைக்கும் பனி தள்ளின. நம்ம பதிவேடும் அதைத்தான் சொல்லுது. வாயத் தொறந்து கெடுத்துடாத. உன் வேலைதான் போகும்."

அயோக்கியன். நவம்பரிலேயே, யாரிடமும் கேட்காமல், "ரெண்டு கிழங்களுக்காக அவ்ளோ தூரம் லாரி போக வேண்டாம், அடிவாரத்துலயே திருப்பிடு" என்று சொன்னவன் அவன்தான். ஜனவரியில் வழுக்கி விழுந்து ஓரினுக்கு இடுப்பு உடைந்தது. டெலிபோன் கம்பி பனிப் பாரத்தில் அறுந்து கிடந்தது. அடிவாரத்தில் லாரி நெடுநேரம் பனி தள்ளும் சத்தம் கேட்டு, அதை நிறுத்தி ஆள் கூப்பிடலாம் என்று டெல்மா வெளியே ஓடினாள். மேப்பிள் மரத்துச் சாறு பிடிக்கும் தகர வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு, மரக்கரண்டியால் அதைத் தட்டிக்கொண்டே, தொடையளவு பனியில் முக்கால் மைல். இரண்டு நாள் கழித்து அடிவாரத்தில், லாரி தள்ளிக் குவித்த பனி மேட்டில், உட்கார்ந்தபடியே விறைத்துக் கிடந்தாள். வாளியைக் காணோம். ஓரின் உயிரோடு இருந்ததே ஆச்சரியம்.

இப்போது கிளேட்டன் அந்தக் குன்றுச் சாலையையே ஒழித்துக்கட்டத் தீர்மானம் கொண்டுவந்திருந்தான். சாலையே இல்லையென்றால் கேள்வியும் இல்லையே!

கூட்டத்தை நடத்துகிற மாவிஸ் தீர்மானத்தைப் படித்தாள். ஓரின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நான் வீட்டுக்குப் போகணும். மே மாசம் அவளையும் கூட்டிட்டுப் போய் எங்க ஆப்பிள் மரத்தடியில வைக்கணும். சாலையை எடுத்துட்டா எப்படிப் போறது?"

"பாவம்தான் அண்ணே," என்றான் கிளேட்டன். "ஆனா அன்னிக்கு சாலை திறந்துதான கிடந்துச்சு? ரூடி தள்ளியிருக்கான். என்ன ரூடி?"

எல்லாத் தலையும் திரும்பியது. ரூடி பூட்ஸைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

"அப்புறம் என்ன? அந்தக் குளிர்ல வீட்டுக்குள்ள போட்டுக்கிற செருப்போட கிளம்பி வந்தா, அதுக்கு ஊரா பொறுப்பு?"

ஓரின் கைப்பிடிச் சட்டத்தை விட்டார். உட்கார்ந்துவிட்டார்.

"சாலையை எடுத்துடலாம்ங்கிறவங்க?" என்றாள் மாவிஸ்.

"சரி!" மண்டபமே அதிர்ந்தது.

"கூடாதுங்கிறவங்க?"

"கூடாது." ஓரின் மட்டும்.

டண்.

மாவிஸின் சுத்தியல் பாதியில் நின்றது.

டண். டண்.

"அடுப்புக் குழாய்தான். சூட்டுல அப்படித்தான் விரியும்," என்றான் கிளேட்டன்.

அது குழாய் இல்லை. சத்தம் வெளியிலிருந்து வந்தது, கல் அறைப் பக்கத்திலிருந்து. தகரத்தில் மரம் மோதுகிற சத்தம். சன்னலுக்குச் சன்னல் மெல்ல நகர்ந்து மண்டபத்தைச் சுற்றியது. ஒரு குழந்தை அம்மாவின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. களிம்பு வாசனை திடீரென்று தொண்டையை அடைத்தது. சத்தம் வாசல் பக்கம் வந்தது.

உள்ளே வந்தது.

ஓரினின் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது, யாரோ உட்கார்ந்த மாதிரி. மேலே இருந்த தொப்பி நசுங்கியது.

"கூடாது."

பெண் குரல். ஜலதோஷம் பிடித்த, கரகரத்த, கோபமான குரல். அந்தக் குரல் தெரியாதவர்கள் அந்த மண்டபத்தில் யாருமே இல்லை.

"யாரு... யாரு சொன்னது?" மாவிஸின் உதடு மட்டும்தான் அசைந்தது.

ரூடி நாற்காலியைத் தள்ளினான். எழுந்தே விட்டான்.

"பொய்! நான் தள்ளல! கிளேட்டன் வேணாம்னு சொன்னாரு, நான் அடிவாரத்துலயே திருப்பிட்டேன். நவம்பர்லேர்ந்து ஒரு நாள்கூட மேல போகல. பதிவேட்டுல இருக்கிறது பூரா பொய்!"

"அவ வாளியைத் தட்டினாளே," என்றார் ஓரின் மெதுவாக. "படுக்கையில இருந்த எனக்கே ரொம்ப நேரம் கேட்டுச்சு. உனக்குக் கேக்கலியா தம்பி?"

"கேட்டுச்சு. சக்கரத்துல பனிக்கு மாட்டின சங்கிலி கழண்டு அடிக்குதுன்னு நினைச்சேன். சத்தியமா, அவங்கன்னு தெரியாது."

அதன்பிறகு மண்டபம் பொங்கியது. "ஏன்யா, உனக்கு வாய் கூசல?" என்று ஒருத்தி பின்னல் ஊசியைக் கிளேட்டன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அந்தக் கிழவி கையால சாப்பிடாதவன் இந்த ஊர்ல எவன்டா இருக்கான்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். மாவிஸ் மறுபடியும் ஓட்டுக்கு விட்டாள். "கூடாது" என்ற சத்தத்தில் சன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. கிளேட்டன் கோட்டைக்கூட மாட்டாமல் வெளியே போனான்.

ஓரின் ரூடியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "லேட்டானாலும் உண்மையைச் சொன்னியே. எனக்கு அது போதும். மே மாசம் நீயே வந்து குழி வெட்டு."

ரூடியால் அந்தக் கண்ணைப் பார்க்க முடியவில்லை. "சரி அண்ணே" என்று கையை உருவிக்கொண்டு வெளியே வந்தான்.

நல்ல வெயில். பனியில் கண் கூசியது. கல் அறையின் முன்னால் பனி அப்படியே கிடந்தது, ஒரு தடமும் இல்லை. முடிந்தது என்று நினைத்தான். சாலையும் பிழைத்தது, அவளும் வீட்டுக்குப் போகப்போகிறாள், இனி அவளுக்கு என்ன வேண்டும்? லாரியில் ஏறிக் கதவைச் சாத்தினான்.

வலப்பக்கக் கண்ணாடி விரிந்திருந்தது.

கண்ணாடிக்குள் இந்த மண்டபம் இல்லை. வெயில் இல்லை. பனி கொட்டிக்கொண்டிருந்தது. குன்றின் அடிவாரம், அவன் தள்ளிக் குவித்த மேடு. மேட்டின் மேல் ஓரினின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு டெல்மா நின்றாள். வாளியைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினாள். வாய் அகலத் திறந்திருந்தது.

அன்றைக்கும் இப்படித்தான் நின்றாள். அவன் பார்த்தான். நன்றாகவே பார்த்தான்.

அதற்கு முந்தின மாதம் லாரியின் பனி தள்ளும் பலகை பட்டு, அடிவாரத்தில் இருந்த அவளுடைய தபால் பெட்டி உடைந்தது. கடையில் பத்துப் பேர் முன்னால் ரூடியைக் கிழித்துத் தொங்கப் போட்டுவிட்டாள். ஜனவரியில் கண்ணாடியில் அவளைப் பார்த்ததும், மறுபடியும் அந்தப் பெட்டிக்காகத்தான் சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தான். "கத்து, நல்லா கத்து" என்று ரேடியோவைப் பெரிதாக வைத்துவிட்டுத் திரும்பியே பாராமல் போனான். ஒரு தபால் பெட்டிக்காக! இதைச் செய்யச் சொன்னது கிளேட்டன் இல்லை. எந்தப் பதிவேட்டிலும் இது இல்லை. இப்போது ஊர் முன்னால் சத்தியம் பண்ணி மறைத்ததும் இதைத்தான்.

ரூடி திரும்பிப் பார்த்தான். பின்னால் வெறும் முற்றம்.

அந்தப் பக்கம் சாய்ந்து, சன்னலை இறக்கி, கையை நீட்டிக் கண்ணாடியை மடக்கினான். விரலில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. முகர்ந்து பார்க்கத் தேவையே இல்லை.

மண்டபத்துக்குள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். சன்னல் வழியே ஓரினின் நரைத்த தலை தெரிந்தது. பத்தடி நடந்தால் போதும், அவரிடம் சொல்லிவிடலாம்.

ரூடி சாவியைத் திருகினான். என்ஜின் உறுமியது.

கண்ணாடி மெல்ல, தானாகவே, மறுபடியும் விரிந்தது. மேடு இப்போது கொஞ்சம் கிட்டத்தில் இருந்தது.

டண்.