லக்சாவும் ஒரு சின்னப் பொய்யும்

"ஹலோ மிஸ்... அது என் டிஸ்யூ!"

வத்சலா நிமிர்ந்து பார்த்தாள். மழையில் நனைந்த தலையும், கையில் ஆவி பறக்கும் கிண்ணமுமாய் ஒருவன் நின்றிருந்தான். அவளும் தோழி பெர்னடெற்றும் தமிழில் கதைத்தது காதில் விழுந்திருக்க வேண்டும்; தமிழிலேயே கேட்டான்.

அவன் சொன்னதிலும் தப்பில்லை. காலியாக இருந்த மேசையில் கிடந்த டிஸ்யூ பாக்கெட்டைப் பிரித்து, பாதியால் மேசையையே துடைத்து முடித்திருந்தாள் வத்சலா.

"சும்மா கிடந்தது, எடுத்தன். ஏன், உங்கட பேர் எழுதியிருக்கோ?"

"எங்க ஊர்ல டிஸ்யூ வச்சா சீட்டு பிடிச்சாச்சுன்னு அர்த்தம் லா. மலேசியாவுல யாரும் தொட மாட்டாங்க."

"எங்கட ஊரில டிஸ்யூ வைச்சா மூக்குத் துடைக்கிறது!"

பெர்னடெற்றுக்குச் சிரிப்பில் புரையேறியது. "பாவமடி, இருக்கட்டும் விடு," என்று தன் கைப்பையை எடுத்து மூன்றாவது நாற்காலியைக் காலி செய்தாள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை. கொலிண்டேலில் உள்ள அந்த ஃபுட் கோர்ட்டில் மத்தியானம் ஒரு நாற்காலிக்குக்கூட வழி கிடையாது. சுற்றிலும் கடைகள், நெருப்பில் குதிக்கும் இரும்புச் சட்டிகள், வறுத்த இறாலும் தேங்காய்ப்பாலும் கலந்த வாசனை... வெளியே லண்டன் மழை கொட்டினாலும் உள்ளே வேறொரு நாடு.

அவன் பெயர் சுப்பிரமணியம். மணியம் என்று கூப்பிடுவார்களாம். ஈப்போக்காரன், பேச்சில் அவ்வப்போது மலேசிய 'லா' ஒட்டிக்கொள்ளும். லண்டனின் மறுகோடியில், பிளேஸ்டோவில் இருந்துகொண்டு ஆஸ்பத்திரியில் நேர்ஸாக வேலை பார்க்கிறான்.

"இது லக்சா, எங்க ஊர் நூடுல்ஸ் சூப்பு. ஒரு வாய் பாருங்க," என்று கிண்ணத்தை நகர்த்தினான்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அவன் கண்கள்... ஹெண்டனில் ஒரு கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் ஊரார் கண்களை மில்லிமீட்டர் கணக்கில் அளப்பவள் அவள். இந்தக் கண்களை மட்டும் எங்கிருந்து அளக்கத் தொடங்குவது என்று தெரியவில்லை!

அடுத்த சனிக்கிழமை பெர்னடெற் வரவில்லை. வத்சலா வந்தாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தாள். ரொட்டி சானாய், மீ கோரெங், வாழையிலையில் சுட்ட மீன்... ஒவ்வொன்றையும் அவன் பாதி பிரித்து வைப்பான். பக்கத்தில் எங்காவது தமிழ் கேட்டால் அவள் குரல் தானாகத் தணிந்துவிடும்.

"யாருக்குப் பயப்படுறீங்க?"

"உங்களுக்குத் தெரியாது. இங்க தும்மினால் வெம்ப்ளியில கேக்கும்."

வெம்ப்ளியில் அவள் அண்ணன் யோகராஜாவின் வீடு. தங்கைக்கு டொராண்டோவில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தான். அக்டோபர் முடிவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

ஐந்தாவது சனிக்கிழமை, யோகராஜாவே மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"மழை எண்டு ஏத்திக்கொண்டு போக வந்தனான். இஞ்ச நிப்பாய் எண்டு உன்ர கடையில சொன்னவை." பார்வை மணியத்தின் பக்கம் திரும்பியது. "தம்பி எந்த ஊர்?"

"ஈப்போ, சார்."

"அது சரி, அதுக்கு முதல்?"

"தெரியாது சார். தாத்தா காலத்துல ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தாங்க. எந்த ஊர்லேர்ந்துன்னு கேட்டு வச்சுக்க ஆளில்ல."

யோகராஜாவின் முகம் இறுகியது. "ஆர் வத்சலா இவர்?"

ஒரு நொடி... ஒரே நொடிதான்.

"தெரியாது அண்ணை. வேற இடம் இல்லை, அதான் ஒரே மேசையில இருந்தம்."

மணியத்தின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பிறகு அவன் மெல்லச் சிரித்தான். "ஆமா சார், ரொம்பக் கூட்டம்." பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை... அவனது தொலைபேசி எண்ணைக்கூட அவள் கேட்டு வைத்திருக்கவில்லை.

டொராண்டோவுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஞாயிறு காலை, அண்ணன் தொலைபேசியை எடுத்தபோது வத்சலா அவன் கையைப் பிடித்தாள்.

"அண்ணை, அண்டைக்கு நான் பொய் சொன்னனான். எனக்கு அவரைத் தெரியும். நல்லாத் தெரியும்."

"விசரோ உனக்கு? தன்ர ஊரே தெரியாதவன்!"

"அவருக்குத் தன்ர ஊர் தெரியாது. எங்களுக்கு எங்கட ஊர் அளவெட்டி எண்டு தெரியும், சண்டையால போக ஏலாது. இப்ப ரெண்டு பேரும் நிக்கிறது லண்டனிலதானே அண்ணை?"

யோகராஜா தொலைபேசியைக் கீழே வைத்தான். ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

"முதல்ல அவனைக் கூட்டிக்கொண்டு வா. பிறகு கதைப்பம்," என்றான் திரும்பாமலே.

எங்கே போய்க் கூட்டி வருவது? லக்சாக் கடைக்காரச் சீன அம்மாதான் ஆங்கிலத்தில் வழி சொன்னார்: மணியம் இப்போதெல்லாம் புதன்கிழமைகளில்தான் வருகிறானாம்.

புதன்கிழமை அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு ஓடினாள். மூலை மேசையில் அவன்! எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"வாங்க மிஸ்," என்றான், தலையைத் தூக்காமல்.

"மிஸ் இல்லை, வத்சலா. நல்லாத் திட்டுங்கோ, வாங்கிறன்."

"எதுக்குத் திட்டணும்? நாந்தான் தெரியாத ஆளாச்சே."

"அண்ணையிட்டை எல்லாம் சொல்லிப்போட்டன். டொராண்டோவுக்கு மாட்டன் எண்டிட்டன்." மூச்சு வாங்கியது. "எனக்கு உங்களைத்தான் பிடிச்சிருக்கு!"

அவளை அறியாமலே குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசையில் நூடுல்ஸோடு போராடிக்கொண்டிருந்த ஓர் அம்மா சட்டென்று தலையைத் தூக்கினார். நெற்றியில் திருநீறு. போச்சு... தமிழ்!

வத்சலாவின் முகம் சிவந்தது. ஆனால் குரல் தணியவில்லை.

"கேக்கிறன் எல்லோ? உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கோ, இல்லையோ?"

மணியம் திணறினான். காதுமடல் வரை சிவந்து, வாயைத் திறந்தான், மூடினான்.

அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, பிள்ளை கேக்கிறாளெல்லே? நூடுல்ஸ் ஆறுது, கெதியாச் சொல்லும்!"

அவன் இப்போதுதான் வத்சலாவை நேராகப் பார்த்தான். அந்தக் கண்களில் ஈரமும் சிரிப்பும் ஒன்றாய்...

"சனிக்கிழமை உங்களைப் பார்க்கத் தைரியம் வரல, அதான் புதன்கிழமை சும்மா இங்க வந்து உக்காந்துக்குவேன். பிளேஸ்டோவுலேர்ந்து இங்க வர ஒன்றரை மணி நேரம் ஆகுது வத்சலா. லக்சா, எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு கடையில கிடைக்கும் லா."