உரைகல்லில் தேய்ந்த பல்

கேரளம் பிறந்த அடுத்த வருஷம், ஆனிச் சாரலில், சைனுதீன் சித்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கினான். மாமனாரின் மருந்துக்கடை வழியாகப் பின்கட்டுக்குப் போனான். மனைவி கௌலத் பிள்ளையைப் பெற்றுப்போட்டுக் கண்ணை மூடிய வீடு. அந்தப் பிள்ளையை இன்று தன்னோடு கொண்டுபோய்விட வேண்டும். வேறு வேலை அவனுக்கு அங்கே இல்லை.

திப்பிலி, வசம்பு வாடைக்கு அடியில் இன்னொரு நாற்றம் இருந்தது. நனைந்த மயிரும் புளித்த தழையும் சேர்ந்தது. கடைசி மாதத்தில் கௌலத்தின் வாயில் அடித்த நாற்றம். மூங்கில் குருத்தைப் பச்சையாக மென்று, பச்சை எச்சில் ஒழுகக் கிடந்தாள். பிள்ளைத்தாச்சி ஆசை என்றார்கள்.

மைத்துனி ஷரீஃபா உரைகல்லில் எதையோ ஆட்டுப்பால் விட்டு உரைத்துக்கொண்டிருந்தாள். பழுப்புக் குழம்பு நூலாக இழுத்தது.

"வாங்க மச்சான். மழைக்குக்கூட இந்தப் பக்கம் ஒதுங்கறதில்லை. வழி மறந்து போச்சுங்களா?"

"என்ன அது?"

"பிள்ளைக்கு உரைமருந்துங்க. பினாங்குல இருக்கற சொந்தக்காரங்க சீனன் மருந்துக்கடையில வாங்கி அத்தாவுக்கு அனுப்புனாங்க. பறக்கற நாகத்தோட பல்லாமா. நோவில்லாம பல்லு முளைக்குமுங்க."

வாங்கிப் பார்த்தான். நாகமில்லை. மனிதக் கடைவாய்ப் பல்லின் அதே மேடுபள்ளங்கள். அகலம் மட்டும் அவன் பெருவிரல் அளவு. கல்லூரியில் விலங்கியல் வாத்தியார் படம் காட்டியிருந்தார். சீன மருந்துக்கடைகளில் அகப்பட்ட பற்களை வைத்தே அடையாளம் கண்ட ராட்சதக் குரங்கு. மூங்கிலை மென்று வாழ்ந்திருக்கும் என்றார். பூண்டோடு அழிந்து லட்சக்கணக்கான வருஷமாகிறது.

பல் வெதுவெதுப்பாக இருந்தது.

"கௌலத்துக்கும் கொடுத்தீங்களா?"

ஷரீஃபா குரலைத் தாழ்த்தினாள். "மாசமா இருந்தப்ப தெனமும். அக்காவே கேட்டு வாங்கி நக்குமுங்க."

கொல்லைக் கக்கூஸ் குழியில் பல்லை எறிந்துவிட்டு வந்து தொட்டில் துணியை விலக்கினான்.

பிள்ளையின் கையில் மூங்கில் கிலுகிலுப்பை. பாதியைக் காணோம். மீதி நார்நாராக, பச்சை எச்சிலில் ஊறிக் கிடந்தது.

"எலி கடிச்சிருக்குமுங்க."

தூக்கினான். சிரித்தது. கௌலத்தின் சிரிப்பு. முன்னால் இளஞ்சிவப்பு ஈறு, பல்லே இல்லை. அவனுக்கு மூச்சு வந்தது. நார் தொண்டையில் சிக்கியிருக்குமோ என்று வாய்க்குள் விரலை விட்டான்.

அந்த நாற்றம்.

ஈறின் கோடியில் விரல் எதிலோ முட்டியது.

அதே மேடுபள்ளம். அதே அகலம்.

"கூட்டிட்டுப் போறீங்களா மச்சான்?" ஷரீஃபா துணிமூட்டையோடு நின்றாள்.

அவனால் விரலை எடுக்க முடியவில்லை.

பிள்ளை, சிரித்த முகம் மாறாமல், மென்றது.