வாலு வைத்த ஐந்து அட்டைகள்

கேக் பெட்டியைத் திறந்ததும் டீச்சர் அலறிய அலறலில் பக்கத்து வகுப்பே ஓடி வந்துவிட்டது. மூடியிலிருந்து ஒரு கரப்பான் பூச்சி இறங்கி, மேசைமேல் சாவகாசமாக நடந்து போனது.

வகுப்பு விழாவுக்கு அந்தக் கேக்கைச் செய்து கொடுத்தனுப்பியவர் வாலுவின் அம்மா. வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். அன்று அவருடைய கேக்கை யாரும் தொடவே இல்லை.

வாலுவுக்குப் பத்து வயது. வீட்டில் செல்லமாகக் கூப்பிட்ட பேர் பள்ளிவரை வந்து ஒட்டிக்கொண்டது. முழு கேக்கையும் திரும்பத் தூக்கி வந்தபோது அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் அம்மா கொதித்துப்போனார்.

"எல்லாம் பக்கத்து வீட்டிலேருந்துதான் வருது! தைக்கிறேன்னு வீடு முழுக்கத் துணியைக் குவிச்சு வச்சிருக்கா. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!"

வாலு கதவை மறித்து நின்றாள். அவள் பள்ளிப் பை கிழிந்தபோது, கேட்காமலே தைத்துக் கொடுத்தவர் அந்தத் தையல்கார அக்கா.

"அங்கேருந்து வந்ததை நீ பார்த்தியாம்மா?"

"அதைப் பார்க்க வேற வேணுமா?"

"மூணு நாள் பொறும்மா. நான் கண்டுபிடிக்கிறேன். அதுவரைக்கும் மருந்து அடிக்காதே. அடிச்சா எல்லாம் சிதறி ஓடிடும்."

அப்பாவுடன் கடைக்குப் போய், பூச்சி ஒட்டும் பசை அட்டைகள் ஐந்து வாங்கி வந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஒன்று. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒன்று. குளியலறையில் ஒன்று. பக்கத்து வீட்டுச் சுவரோரம் ஒன்று. கேக் பெட்டிகள் அடுக்கிய அலமாரியில் ஒன்று.

மூன்று நாளும் யாரும் கேக் கேட்டு அழைக்கவில்லை. அம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மாலை வாலு அட்டைகளை எடுத்தாள். குளியலறையில் ஒன்றுமில்லை. தொட்டிக்கு அடியில் மூன்று. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இரண்டு. பக்கத்து வீட்டுச் சுவரோரம் ஒன்றுகூட இல்லை.

அலமாரியில்? பத்தொன்பது!

எல்லாமே சின்னவை, வெளிர்பழுப்பு நிறம். தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகள். வாலு ஒரு பெட்டியைப் பிரித்து டார்ச் அடித்தாள். பெட்டியின் மடிப்புக்குள் கரப்பான்கள் குட்டிக் குட்டியாய் ஊர்ந்தன.

"அம்மா, இந்தப் பெட்டியெல்லாம் எங்கே வாங்கினே?"

"கடை கிடங்குல ரொம்ப நாளா கிடந்துதுன்னு மலிவா..." அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "அடக் கடவுளே! நானேதான் வண்டி வச்சுக் கூட்டிட்டு வந்திருக்கேனா?"

அப்பா சிரித்தார். அம்மா முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

அதன்பிறகு வீடே போர்க்களம்தான். பெட்டிகளைப் பையில் இறுகக் கட்டி வெளியேற்றினார்கள். சொட்டிக்கொண்டிருந்த குழாயை அப்பா சரிசெய்தார். சுவர் விரிசல்களை அடைத்தார். கரப்பானுக்கு வைக்கும் பசை மருந்தை அம்மா மூலைகளில் பொட்டுப் பொட்டாக வைத்தார். வாலு அலமாரியைத் துடைத்த துடைப்பில் அதன் பழைய நிறம் தெரிந்தது. புதிய பெட்டிகள் இறுக்கமான மூடிபோட்ட டப்பாவுக்குள் போயின.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் ஐந்து அட்டைகள் வைத்தாள். மூன்று நாள் கழித்துப் பார்த்தால், ஐந்தும் காலி!

"ஜெயிச்சுட்டோம்!" வாலு போட்ட கூச்சலில் அப்பா காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

அன்றே அம்மா ஒரு கேக் செய்து, வாலுவோடு பக்கத்து வீட்டுக்குப் போனார்.

"உன்னைத் தப்பா நினைச்சுட்டேம்மா. உன் வீட்டிலேருந்துதான் கரப்பான் வருதுன்னு..."

தையல்கார அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "நான் உங்க வீட்டிலேருந்து வருதுன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்! இங்கே குளியலறையில தினமும் ரெண்டு வருதுக்கா. பெருசா, செவப்பா."

"பெருசா, செவப்பாவா?" வாலுவின் கண்கள் விரிந்தன. "அது வேற ரகம். சாக்கடை வழியா வரும். மருந்து ஏதும் அடிச்சிடாதீங்க அக்கா, இதோ வரேன்!"

ஒரு துண்டு கேக்கை வாயில் திணித்துக்கொண்டு, டார்ச்சை எடுக்க ஓடினாள்.