மேஸ்திரி வந்த வியாழன்

2019ஆம் ஆண்டு மார்ச் 14, வியாழக்கிழமை. காலை பத்தரை மணி. அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கில்மோராவில், எழுபத்தொரு வயது லோர்க்கன் மேனியனின் வீட்டுக்குத் தபால் கொண்டுவந்த பெண், பாதி கட்டிய சமையலறைக்குள் எட்டிப் பார்த்து அலறினாள்.

லோர்க்கன் கிடந்தார்... மண்டை பிளந்து!

பக்கத்தில் ஒரு சுத்தியல். அதன் கைப்பிடியில் மேஸ்திரி ஃபின்பார் கியூசாக்கின் பெயர்!

கையெடுத்துக் கும்பிடத்தக்க வேலைக்காரர் ஃபின்பார். வந்தால்! ஒரு வீட்டில் சுவரை இடிப்பார். ஒரு சுத்தியலையோ ஏணியையோ அங்கே போட்டுவிட்டு மறைந்துவிடுவார். சாமான் கிடக்கும் வரை வேறு மேஸ்திரி அந்த வீட்டுப் படியேற மாட்டார்.

சென்ற ஞாயிறன்று, தேவாலய வாசலில், சமையலறையை எப்போது முடிப்பாய் என்று கேட்டு, ஊரே பார்க்க லோர்க்கன் ஃபின்பாரின் சட்டையைப் பிடித்திருந்தார்.

பதினொன்றரைக்கு ஃபின்பார் காவல் நிலையத்தில் இருந்தார். எதிரே சார்ஜென்ட் நுவாலா ஹெகார்ட்டி.

"கொலை நடந்தது ஒன்பது மணி வாக்குல. அப்ப நீ எங்க இருந்த?"

"உங்க வீட்ல, மேடம்."

நுவாலாவின் முகம் சிவந்தது. அவருடைய குளியலறையை ஃபின்பார் இடித்துப் போட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தினமும் தங்கை வீட்டில் குளித்துவிட்டுத்தான் அவர் பணிக்கு வருகிறார்.

"என்கிட்டயேவா?"

"சத்தியமா, மேடம்! டைல்ஸ் ஒட்டிட்டிருந்தேன்."

"போன மாசம் உன் அத்தை செத்துப்போச்சுன்னும் சத்தியம்தான் பண்ணின. மறுநாள் அந்தம்மா கடையில மீன் வாங்கிட்டிருந்தாங்க!"

நுவாலா தொலைபேசியை எடுத்தார். ஃபின்பார் அன்றைக்கு வருவதாகச் சொல்லியிருந்த வீடுகளை ஒவ்வொன்றாக அழைத்தார்.

"ஃபின்பாரா? இன்னிக்கா? நல்லா சிரிப்புக் காட்றீங்க!"

"எட்டு மணிக்கு டீ போட்டு வச்சேன். நாயி குடிச்சிருச்சு."

"புடிச்சுட்டீங்களா? உள்ள தள்றதுக்கு முன்னாடி என் ஏணிய... இல்லல்ல, அவன் ஏணிய எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க!"

ஃபின்பார் வாழ்நாள் முழுவதும் சொன்ன பொய்களெல்லாம் ஒன்றுகூடி அவர் கழுத்தில் கயிறாக விழுந்துகொண்டிருந்தன.

அப்போது கதவு திறந்தது. உள்ளே வந்தவர் டெக்லன். லோர்க்கனின் அக்காள் மகன். அவருடைய நிலத்துக்கு ஒரே வாரிசு. கண்கள் கலங்கியிருந்தன.

"மாமாவை இவன் கொல்லல, சார்ஜென்ட். எட்டு மணிலேர்ந்து என் வீட்லதான் இருந்தான். கொல்லைச் சுவரு எழுப்பிட்டிருந்தான். நானும் கூடவே நின்னேன்."

நுவாலா ஃபின்பாரின் பக்கம் திரும்பினார்.

"என்னப்பா? ஆமான்னு சொல்லு. இப்பவே வீட்டுக்குப் போயிடலாம்."

ஃபின்பார் வாயைத் திறந்தார்... மூடினார்.

"ஏண்டா தயங்கற?" டெக்லன் சிரிக்க முயன்றார். "வந்தியேடா!"

"இல்ல." ஃபின்பாரின் குரல் உடைந்தது. "இவன் வீட்டுக்கு நான் வரல. வரேன்னுதான் சொன்னேன்... போகல."

கில்மோராவில் அந்த வாக்கியத்தை ஃபின்பார் வாயால் கேட்டவர் அதுவரை எவருமில்லை.

"என் வீட்டுக்கு எதுக்குப் போன?"

"சொன்ன வீட்டுக்குப் போனா வாசல்லயே நின்னு திட்றாங்க, மேடம். நீங்க டியூட்டில இருப்பீங்க. நிம்மதியா வேலை பார்க்கலாம்னு... சாவி பூந்தொட்டிக்கு அடியில இருந்துச்சு."

நுவாலா காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார்.

குளியலறைச் சுவர் முழுவதும் நீல நிற டைல்ஸ்! தொட்டுப் பார்த்தார். இடுக்கிலிருந்த வெள்ளை சிமென்ட் விரலில் ஈரமாக ஒட்டிக்கொண்டது.

பக்கத்து வீட்டு பிரிஜிட் வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன நுவாலா இது? எட்டு மணிலேர்ந்து பத்தரை வரைக்கும் மெஷின் சத்தம், காதே போச்சு! நடுநடுவுல அந்த ஆளோட பாட்டு வேற. ஜன்னல மூடுய்யான்னு அஞ்சு தடவ போய்க் கத்திட்டு வந்தேன்!"

நுவாலா திரும்பி வந்து, நேராக டெக்லனின் முன்னால் நின்றார்.

"கூடவே நின்னீங்களா? அவன் என் வீட்ல இருந்திருக்கான்."

டெக்லனின் முகம் வெளிறியது.

"இருக்காது..."

"அவனைக் காப்பாத்த வரல நீங்க. உங்களுக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டுச்சு."

டெக்லன் நாற்காலியில் சரிந்தார்.

"'வந்தியே'ன்னு யாராவது சொன்னா, 'ஆமா வந்தேன்'னுதானே எப்பவும் சொல்லுவான்! வரலன்னு இவன் என்னைக்காவது ஒத்துக்கிட்டிருக்கானா? ஊர்ல யாரையாச்சும் கேளுங்க! இன்னிக்குப் பார்த்து..."

அவருடைய காலணி இடுக்கில் ரத்தமும், லோர்க்கன் வீட்டுச் சிமென்ட்டும் கலந்திருந்தன. நிலத்தை வேறு ஒருவருக்கு விற்க மாமா முடிவு செய்ததாகவும், வாக்குவாதத்தில் கைக்கெட்டிய சுத்தியலால் தாக்கியதாகவும் மாலையில் அவர் ஒப்புக்கொண்டார்.

இறுதியில் முடிவானவை இவை: டெக்லன் மீது கொலை வழக்குப் பதிவாயிற்று. நுவாலாவின் வீடே சாட்சியமாகிவிட்டதால், வழக்கு வேறோர் அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. முதன்மைச் சாட்சியான ஃபின்பார் தாமாக நீதிமன்றத்துக்கு வந்து சேருவார் என நம்ப அரசு வழக்கறிஞர் மறுத்துவிட்டார். ஆகவே, விசாரணைக்கு முந்தைய வாரம் முழுவதும் அவரைக் காவலர் ஒருவரின் வீட்டிலேயே தங்கவைப்பதென்று தீர்மானிக்கப்பட்டது.

அந்தப் பொறுப்புக்கு நிலையத்தின் ஒன்பது காவலர்களும் போட்டியிட்டார்கள். வீட்டுக் கூரை மிக மோசமாக ஒழுகியவருக்கு அது கிடைத்தது!