பூஜ்ஜிய ரத்தம்

புதிய திரவப் பெட்டி வந்த அன்று, நியெவெஸின் ரத்தம் பூஜ்ஜியம் காட்ட மறுத்தது. இயந்திரம் வழக்கம்போல முனகி, ஊசிக்குழாயை அவள் ரத்தத்தில் முக்கி எடுத்து, சூடான தூசி வாசனை கிளம்ப வெகுநேரம் யோசித்து, கடைசியில் திரையில் ஓர் எண்ணைப் போட்டது. பெரிய எண்.

ஒருரோ நகரத்து ஆஸ்பத்திரி லேபில், கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்த பெண்களின் ரத்தத்தில் ஒரு புரதத்தை அளப்பது அவள் வேலை. அளவு குறைந்திருந்தால் அந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள் என்று அர்த்தம். கட்டியை வெட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். கூடியிருந்தால் பெரிய நகரமான லா பாஸுக்கு, கதிர்வீச்சுக்கு. அளக்கும் முன் 'இதுதான் நோயில்லாத ரத்தம்' என்று இயந்திரத்துக்குக் காட்ட வெளிநாட்டுத் திரவம் ஒன்று வேண்டும். அது தீர்ந்துபோய், வாங்கித் தர நாதியில்லாமல், ஒரு நாள்கூடக் காய்ச்சல் என்று படுக்காத நியெவெஸின் ரத்தத்தையே பூஜ்ஜியமாக வைத்து இத்தனை நாளும் ஓட்டினார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

"உன் ரத்தம் நம்ம லேபோட தீர்த்தம்டி," என்று கூட வேலை செய்யும் ஜானெத் கிண்டல் செய்வாள்.

இன்று புதுத் திரவத்தையே பூஜ்ஜியமாகக் காட்டிவிட்டு, சரிபார்க்கத் தன் ரத்தத்தை நியெவெஸ் வைத்தபோது, ஜானெத் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எல்லா ஆத்துமாக்களின் திருநாள் தொடங்குகிறது. ஊரில் வீட்டுக்கு வீடு மேசை விரித்துப் படையல்.

"உச்சிவேளைக்குச் செத்தவங்க வந்துருவாங்க. மேசை காலியா இருந்தா எங்கம்மா என்னைச் சும்மா விடமாட்டா. உயிரோட இருந்தப்பவே விடல. நீ கிளம்பலையா?"

"நீ போ. மெஷின் ஏதோ தப்பா சொல்லுது."

"மெஷினுக்கும் லீவு வேணுமோ என்னவோ!" ஜானெத் சிரித்தபடி படியிறங்கினாள்.

நியெவெஸ் இன்னொரு கையில் குத்திப் புது ரத்தம் எடுத்தாள். அதே எண். குழாயை மாற்றினாள். அதே எண். கொஞ்ச நாளாக உள்ளாடையில் படும் கறையை, தீட்டு நிற்கிற வயது இப்படித்தான் என்று அவள் தனக்குத் தானே சமாதானம் சொல்லியிருந்தாள். பிறத்தியார் சொல்லியிருந்தால் அதட்டி டாக்டரிடம் அனுப்பியிருப்பாள். அழுகை வந்தது. யாருக்காக என்று கேட்டால் வெட்கக்கேடு, தனக்காகத்தான்.

கண்ணைத் துடைத்த பிறகுதான் மற்றது உறைத்தது. நோயுள்ள ரத்தத்தைப் பூஜ்ஜியம் என்று சொல்லியிருந்தால், அவளுக்கிருந்த அளவு ஒவ்வொருத்தியின் கணக்கிலும் கழிந்துபோயிருக்கும். லா பாஸுக்குப் போயிருக்க வேண்டியவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

சந்தையில் அவரைக்காய் விற்ற பசிலியா. "குறைஞ்சிருக்கா தாயி? அப்ப நான் பிழைச்சுட்டேனா?" என்று நியெவெஸின் கையைப் பிடித்து முத்தமிட்டவள். கார்னிவல் திருவிழாவுக்கு முன்பே செத்துப்போய்விட்டாள். ஹெர்மினியா போனாள். கைக்குழந்தையோடு வந்த எங்கர்னாசியோன் போனாள். ஒவ்வொரு சாவுச் செய்தி வந்தபோதும் நியெவெஸ் 'அவள் விதி' என்று சிலுவை போட்டுக்கொண்டு, அடுத்த குழாயை எடுத்தாள்.

கோயில் மணி அடித்தது. உச்சிவேளை.

மணியோசை ஓய்ந்ததும், விடுமுறைக்குக் காலியாகிப்போன நடையில், அடுக்கடுக்காக உடுத்திய கம்பளிப் பாவாடைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தமும், ரப்பர் செருப்புகள் தரையைத் தேய்த்து வரும் சத்தமும், யாரோ அடக்கி அடக்கி இருமும் சத்தமும் கேட்டன. கூடவே ஒரு வாடை. புண்ணும் டெட்டாலும் கலந்த வாடை. கடைசி நாட்களில் அந்தப் பெண்கள் மேல் அடித்தது அதுதான்.

பெஞ்சு கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்தார்கள். இன்னும் ஒருவர். இன்னும்.

அவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது. மேசை இருக்கிறது. ரொட்டி இருக்கிறது. இங்கே ஏன் வரவேண்டும்?

விளக்கை அணைத்தாள். மூச்சை அடக்கினாள். இயந்திரம் மட்டும் முனகியது.

கதவு திறந்தது. அவள் திறக்கவில்லை.

நடை முழுக்கப் பெண்கள். செத்தவர்களுக்கான படையல் ரொட்டியில் பதிக்கும் சுண்ணாம்புப் பொம்மை முகம் போல வெளுத்த முகங்கள், சிவப்பு பூசிய கன்னங்கள். யார் முகத்திலும் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

பசிலியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காலையில ஏதாச்சும் சாப்பிட்டியா தாயி?"

ரத்தம் எடுக்குமுன் நியெவெஸ் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"இல்ல."

"நல்லது," என்றாள் பசிலியா.

பெஞ்சில் இருந்தவர்கள் இடித்துக்கொண்டு, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்து இடம் விட்டார்கள்.