மிஸ் காத்துக்கிட்டு இருக்காங்க

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் வந்தால் ஆறாம் வகுப்பு ஜப்பானுக்குப் புறப்பட்டுவிடும். விமானம் எல்லாம் வேண்டாம். மகாலட்சுமி மிஸ் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, சுவரில் வீடியோவைப் போட்டால் போதும்.

மகாலட்சுமி மிஸ் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர். ஜப்பான் மொழியில் அவருக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. சொல்லிக்கொடுப்பதெல்லாம் வீடியோவில் வரும் அமலராணி மிஸ்தான்.

அமலராணி மிஸ் இப்போது இல்லை. கோடை விடுமுறையில் இறந்துபோனார்.

உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருந்தபோது, ‘பிள்ளைங்க மறந்துடுவாங்களே’ என்று அவருக்கு ஒரே கவலை. காட்டூரில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எழுத்துக்கு ஒரு வீடியோவாக எடுத்து இணையத்தில் போட்டார். ஃபோனைப் பிடித்துப் படம் எடுத்தவள் அவருடைய மகள் லின்சி. அவளும் இதே ஆறாம் வகுப்புதான். தன் தோழி மெஹ்ரீனுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள்.

“இது ‘ஹெ’. நம்ம மலைக்கோட்டையை ஒரே கோட்டுல வரையற மாதிரி,” என்பார் மிஸ் ஒரு வீடியோவில். “இடது பக்கம் கொஞ்சமா ஏறணும், வலது பக்கம் நீளமா இறங்கணும். எங்க, எல்லாரும் காத்துல எழுதுங்க!”

நடுவில் ஒரு பஸ் ஹாரன் அடிக்கும்.

“துவாக்குடி பஸ். அதுக்கும் ஜப்பானீஸ் கத்துக்கணுமாம். க்ளாஸ்ல இடமில்லைன்னு சொல்லிட்டேன்.”

பிறகு, “எழுதிட்டீங்களா?” என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பேசாமல் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் பதில் சொல்வதற்காக அவர் விட்ட இடைவெளி அது.

அவர் உயிரோடு இருந்தவரை, “எழுதிட்டோம் மிஸ்!” என்று வகுப்பே அலறும். உடனே சுவரிலிருந்து, “ஜோஸ்வின், உன்னோடது மலை மாதிரி இல்ல, இட்லி மாதிரி இருக்கு,” என்பார். வீட்டில் உட்கார்ந்துகொண்டு மிஸ்ஸுக்கு எப்படித் தெரிந்தது என்று ஜோஸ்வின் வாயைப் பிளப்பான்.

இப்போது யாரும் அலறுவதில்லை. இல்லாத மிஸ்ஸுக்கு எப்படிப் பதில் சொல்வது? எல்லோரும் குனிந்துகொள்வார்கள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் மகாலட்சுமி மிஸ் வீடியோவை முன்னால் தள்ளிவிடுவார்.

அதற்குள் லின்சி எழுந்துவிடுவாள். “தண்ணி குடிச்சிட்டு வரேன் மிஸ்.” பெல் அடிக்கும்வரை திரும்ப மாட்டாள்.

அம்மாவைப் பார்த்தால் அழுகை வருகிறது போல என்று மெஹ்ரீன் நினைத்தாள். மகாலட்சுமி மிஸ்ஸிடம் ரகசியமாகப் போய், “லின்சி பாவம் மிஸ். வேற வீடியோ போடலாமா?” என்று கேட்டாள். மிஸ்ஸும் சரி என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சுவரில் ஒரு கார்ட்டூன் முயல் வந்தது. டிங் டிங் என்று பாட்டுக்கு ஆடிக்கொண்டே எழுத்து எழுதியது. ஜோஸ்வினும் உட்கார்ந்தபடியே ஆடினான். மெஹ்ரீன் பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள்.

லின்சி மேசையில் முகத்தைப் புதைத்துத் தேம்பிக்கொண்டிருந்தாள்.

பெல் அடித்ததும் குழாயடியில் மெஹ்ரீன் அவளைப் பிடித்தாள். “உனக்காகத்தான்டி மாத்தச் சொன்னேன்.”

“எங்கம்மாவ ஏன் எடுத்துட்டீங்க?”

“அவங்க வந்தா நீ எந்திரிச்சுப் போயிடறியே!”

“அம்மாவ வீட்ல ஃபோன்ல தினமும் பார்க்கறேன். இங்கதான் பார்க்க முடியல.” லின்சி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எழுதிட்டீங்களான்னு கேட்டுட்டு அம்மா காத்துக்கிட்டே இருக்காங்க. ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டீங்க. அப்புறம் மிஸ் தள்ளி விட்டுடறாங்க.”

“நீ பதில் சொல்லலாம்ல?”

“ஃபோன் பிடிக்கறவ பேசக் கூடாது. அம்மா அப்படித்தான் சொல்லுவாங்க. என் சத்தம் விழுந்தா மறுபடி முதல்லேருந்து எடுக்கணும். அவங்களுக்கு மூச்சு வாங்கும்.”

மெஹ்ரீன் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

“அடுத்த வாரம் கடைசி எழுத்து,” என்றாள் லின்சி. “அந்த வீடியோவையும் தள்ளி விட்டா என்னால தாங்க முடியாது. அதான் ட்ராயிங் க்ளாஸுக்கு மாறப் போறேன்.”

“ஒரே ஒரு வெள்ளிக்கிழமை இருடி. ப்ளீஸ்.”

அன்று மாலை பாலக்கரையில் தன் வீட்டில், அத்தாவின் ஃபோனில் கடைசி வீடியோவைத் தேடி எடுத்தாள் மெஹ்ரீன். மிஸ் எங்கே கேட்கிறார், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று பார்த்தாள். பிறகு சொல்லிப் பழகினாள். “எழுதிட்டேன் மிஸ்!”

“யாருகிட்டம்மா பேசற?” என்று கேட்டார் அத்தா.

“எங்க அமலராணி மிஸ்கிட்ட, அத்தா.”

மிஸ் இறந்தது அத்தாவுக்குத் தெரியும். அவர் டிவியை நிறுத்தினார்.

வெள்ளிக்கிழமை மெஹ்ரீன் கேட்டுக்கொண்டபடி முயல் போய், மிஸ் திரும்பி வந்தார். மெலிந்திருந்தார். தலையில் துணி கட்டியிருந்தார். சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

“இது ‘ன்’. கடைசி எழுத்து. நம்ம மெய்யெழுத்துலயும் கடைசி ‘ன்’தானே? ரெண்டு ஊர்க்காரங்களும் ஒரே இடத்துலதான் நிறுத்தியிருக்காங்க.” மெதுவாக, ஒரே கோட்டில் எழுதிக் காட்டினார். “எழுதிட்டீங்களா?”

வகுப்பு குனிந்தது. லின்சி எழுந்து கதவுப் பக்கம் நடந்தாள். மகாலட்சுமி மிஸ்ஸின் கை மவுஸுக்குப் போனது.

“தள்ளாதீங்க மிஸ்!” மெஹ்ரீன் எழுந்து நின்றாள். “மிஸ் காத்துக்கிட்டு இருக்காங்க.”

சுவரைப் பார்த்துச் சொன்னாள். “எழுதிட்டேன் மிஸ்!” வீட்டில் அத்தனை முறை பழகியும் குரல் உடைந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை.

“நானும் எழுதிட்டேன் மிஸ்,” என்றான் ஜோஸ்வின். “இதுவும் இட்லி மாதிரிதான் இருக்கு.”

“எழுதிட்டேன் மிஸ்!” “நானும் மிஸ்!” பெஞ்சு பெஞ்சாகக் குரல்கள் கிளம்பின. மகாலட்சுமி மிஸ்கூட விரலால் காற்றில் எழுதிப் பார்த்து, “நானும் எழுதிட்டேன்,” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுவரில் அமலராணி மிஸ் தலையசைத்தார். “எனக்குத் தெரியும், எழுதிடுவீங்கன்னு.” பிறகு, கொஞ்சம் நிமிர்ந்து, ஃபோனைப் பிடித்திருந்தவளைப் பார்த்தார். “லின்சி, நீ எழுதிட்டியாடா?”

படம் மேலும் கீழும் ஆடியது. பேசக் கூடாதே! அதனால் அன்றைக்கு லின்சி ஃபோனையே தலை மாதிரி ஆட்டியிருந்தாள்.

எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். அங்கே நின்றபடி லின்சி கையை உயர்த்தினாள். காற்றில், மெதுவாக, ஒரே கோட்டில் எழுதினாள்.

“எழுதிட்டேன்மா,” என்றாள், கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி.