விரல் வைத்த இரைச்சல்

கேபிளை யாரும் தொடவில்லை. ஆனாலும் பெட்டி, யாரோ விரல் வைத்ததுபோல இரைந்தது.

ஹுமைரா சால்டரிங் அயனைத் தாங்கியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். வெளியே ஐப்பசி மழை தென்னந்தோப்பின் மேல் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. மட்டைகளிலிருந்து வடிந்த நீர் கீழே தகரக் கொட்டகையில் சொட்டுவதும், வாய்க்காலில் தவளைகள் ஒன்றை ஒன்று முந்திக் கத்துவதும், அடுப்படியில் அம்மா தாளிக்கும் வெங்காயத்தின் சத்தமும் மணமும், எல்லாம் படியேறி மாடியறைக்குள் வந்து கலந்திருந்தன. அவற்றுக்கெல்லாம் அடியில் அந்த இரைச்சல்.

கிட்டார் ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்களுக்கு இரைச்சலில் வகை தெரியும். பெட்டியில் சொருகிய கேபிளின் மறுமுனை சும்மா கிடந்தால் வருவது மெல்லிசான இரைச்சல், வயலுக்கு அப்பால் ஓடும் பம்புசெட் போல. அந்த முனையில் விரலை வைத்தால் வருவது வேறு. மனித உடம்பே ஏரியலாகி, வீட்டு வயர்களில் ஓடும் கரண்டின் நிழலையெல்லாம் வாங்கிப் பெட்டிக்குள் ஊற்றும். தடித்த, சூடான இரைச்சல், அழுத்தினால் ஏறும், தளர்த்தினால் இறங்கும். கிட்டார் இல்லாதவர்கள் பெட்டியைச் சோதித்துப் பார்ப்பது அப்படித்தான். ஹுமைரா கிட்டாரைத் தொட்டதே இல்லை. கட்டிய பெட்டிகள் அத்தனையையும் தன் ஆள்காட்டி விரலால்தான் கேட்டிருக்கிறாள்.

கேபிளின் முனை ஜன்னலோரம் சிமெண்டுத் தரையில் கிடந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. இரைச்சல் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறி அப்படியே நின்றது, அடுத்தவர் வீட்டுக் கதவில் தயங்கித் தயங்கிக் கை வைப்பதுபோல.

ஈரக்காற்று, என்று சொல்லிக்கொண்டு சுவிட்சை அணைத்தாள்.

அவள் அத்தா காதர் மைதீன் பட்டுக்கோட்டையில் ரேடியோக் கடை வைத்திருந்தவர். சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போனபோது, பழைய ரேடியோக்களுக்குள் செந்நிறமாக எரியும் கண்ணாடி வால்வுகள் நிறைந்த மரப்பெட்டி ஒன்றை மாடியில் போட்டுவிட்டுப் போனார். அவரோடு முகம் பார்த்துப் பேசத்தான் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தது. வெள்ளிக்கிழமை அத்தா பேசுவார். மற்ற நாளெல்லாம் கம்ப்யூட்டர் ஹுமைராவுக்கு. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், பிள்ளைகள் சிரிக்கும். ஒருநாள் போகவில்லை, பிறகு போகவே இல்லை. இணையத்தில் அவள் கண்டுபிடித்த ஃபோரத்தில் யாரும் வாய்விட்டு வாசிக்கச் சொல்வதில்லை. வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டும் கிறுக்குப் பிடித்தவர்கள் உலகம் முழுக்க அங்கே கூடியிருந்தார்கள்; அதில் ஒரு மூலையில் துபாயிலும் கோலாலம்பூரிலும் டொரண்டோவிலும் இருந்த தமிழ்ப் பையன்கள். ஹுமைரா அத்தாவின் பெயரில் நுழைந்தாள். "பாய்" என்றார்கள், "அண்ணே" என்றார்கள். காதர் மைதீன் வரைந்துபோடும் வயரிங் படத்தைப் பார்த்துக் கட்டிய பெட்டி ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாது, அவ்வளவு அமைதி என்றார்கள்.

டெல்டாவிலிருந்து இன்னொருவன் உண்டு, சீர்காழி ஜோஸ்வா. சர்ச்சில் கிட்டார் வாசித்துப் பாடுகிறவன். மூங்கில் குச்சியால் ஒவ்வொரு ஈயப் பொட்டையும் தட்டிப் பார்த்துத் தளர்ந்ததைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் அவன். இரைச்சலை அடக்கும் வித்தைகளை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். "பாய், நீங்க மட்டும் இல்லன்னா நான் இன்னும் ரேடியோ பிரிச்சிட்டுதான் இருப்பேன்" என்று எழுதுவான். அப்படி எழுதியவன்தான் ஒருநாள் அவள் படத்தை அச்சு அசலாகப் பார்த்துக் கட்டிய பெட்டியின் போட்டோவைப் போட்டு, "என் புது டிசைன்" என்றான். துபாய் கை தட்டியது. டொரண்டோ கை தட்டியது. அவள் பெயர் எங்கேயும் இல்லை.

ஹுமைராவுக்கு எழுத்தில்கூடச் சண்டை போடத் தெரியாது. அடுத்த முறை அவன் புதிய படம் கேட்டபோது கொடுத்தாள், ஒரு கோட்டை மட்டும் அழித்துவிட்டு. இரும்புப் பெட்டியை எர்த்தோடு சேர்க்கும் வயர். அது இல்லாவிட்டால் பெட்டி இரையும். இரையட்டும், ஊரே கேட்கட்டும், பிறகு "பாய், என்ன பண்றது?" என்று என்னிடம்தானே வரவேண்டும். அவ்வளவுதான் நினைத்தாள். அந்த வயர் வேறு எதற்கு என்பது ஃபோரத்தின் முதல் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் இருந்தது. சிவப்பு எழுத்தை யாரும் படிப்பதில்லை. எல்லோரும் படத்துக்குத்தான் ஓடுவார்கள். அவளும் ஓடியவள்தான்.

அதன்பிறகு ஜோஸ்வா எழுதவில்லை. ஒரு மாதமாகிறது. தினமும் திறந்து பார்த்தாள். அவன் வரவில்லை. இந்த இரைச்சல்தான் வந்தது.

அம்மா சைத்தூன் பீவி தேத்தண்ணீர் தம்ளரோடு படியேறி வந்து வாசலிலேயே நின்றாள்.

"யாருகிட்ட புள்ள பேசிட்டிருந்தே?"

"யாரும் இல்லம்மா."

"ஆம்பள கொரலு கேட்டுச்சே. பல்லுவலிக்காரன் மொனகுற மாதிரி. ஒங்க அத்தாதான் சொல்லாம கொள்ளாம மாடி வழியா வந்து எறங்கிட்டாராக்கும்னு பாத்தேன்."

"பெட்டிம்மா அது."

"பெட்டியும் பேசுது, நீதான் பேச மாட்டேங்குற. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட அதத்தான் பேசச் சொல்லணும்." அம்மா தானே சிரித்துக்கொண்டு தம்ளரை வைத்தாள். "பக்கத்து வீட்டுல பாத்திஹா ஓதுறாங்க. போயிட்டு வந்துர்றேன். கதவ சாத்திக்க."

கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. குடைமேல் மழை விழும் சத்தம் தோப்பைத் தாண்டிப் போய்த் தேய்ந்தது. ஹுமைரா பெட்டியைப் பார்த்தாள். சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. வால்வுகளுக்குள் செந்நிறம் இல்லை. தூசி கருகும் வாசனை மட்டும் இன்னும் போகவில்லை.

கம்ப்யூட்டரில் ஜோஸ்வாவின் பெயர் மின்னியது.

வந்துவிட்டான். கோபமாக எழுதியிருந்தாலும் பரவாயில்லை. திறந்தாள்.

"காதர் அண்ணா, நான் ஜோஸ்வா அண்ணன் தங்கச்சி ஜெனிட்டா. அண்ணன் போன மாசம் எறந்துட்டாங்க. சர்ச்சுல கிட்டார் வாசிச்சுப் பாடிட்டிருக்கப்பவே மைக்ல ஷாக் அடிச்சிருச்சு. மைக் பழசு, மழை வேற. இப்ப மைக்கை மாத்திட்டாங்க. இன்னிக்கு சாயங்காலம் அண்ணனுக்கு நினைவு ஆராதனை. அண்ணன் கடைசியா கட்டுன பெட்டியிலதான் நான் வாசிச்சுப் பாடப் போறேன். கொஞ்சம் இரையுது. என்ன பண்ணணும்? எதுன்னாலும் உங்களத்தான் கேக்கணும்னு அண்ணன் சொல்லும்."

ஹுமைரா ஃபோரத்தின் முதல் பக்கத்துக்குப் போனாள். சிவப்பு எழுத்தை முதல் தடவையாகப் படித்தாள். பழைய டிரான்ஸ்பார்மரில் கரண்ட் கசியும். கசிவது இரும்புப் பெட்டிக்கு வரும். எர்த் வயர் இருந்தால் மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் பெட்டியிலிருந்து கேபிள், கேபிளிலிருந்து கிட்டார் கம்பி என்று போய் அங்கேயே காத்திருக்கும். கம்பியில் கையும் மைக்கில் வாயும் ஒரே நேரத்தில் பட்டால், உடம்பு வழியாகப் போகும்.

மைக் இல்லை. மைக் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

"பெட்டியத் தொடாதீங்க. நான்தான்" என்று அடித்தாள். 'நான்தான்' என்ற சொல்லைப் பார்த்தாள். துபாய் படிக்கும். டொரண்டோ படிக்கும். காதர் மைதீன் என்ற பெயரை அத்தாவும் என்றாவது தேடிப் படிப்பார். அழித்தாள். வேறு எழுதினாள்.

"ஜெனிட்டா, மனசு ரொம்ப கஷ்டமா இருக்கு. வாசிக்கிறதுக்கு முன்னால எர்த் வயர் சரியா இருக்கான்னு பாத்துக்கம்மா."

உடனே பதில் வந்தது.

"பாத்துட்டேன் அண்ணா. படத்துல எர்த் வயரே இல்ல, பெட்டியிலயும் இல்ல. நீங்க போட்ட படத்த கோடு கோடா விரல் வச்சு சரிபாத்தேன். ஒரு கோடு மாறல. அண்ணன் அவ்வளவு கரெக்டா கட்டியிருக்கு. ரொம்ப நன்றி. கெளம்புறோம்."

"படம் தப்பு. நான் அழிச்சேன். அதத் தொட்டா" என்று அடிக்கும்போது திரை கறுத்தது.

கரண்ட் போய்விட்டது. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. மோடத்தின் பச்சைப் பொட்டுகள் அணைந்தன. மழைமூட்டத்தில் அறை சாம்பல் நிறமானது.

இரைச்சல் தொடங்கியது.

ஊரிலேயே கரண்ட் இல்லை. பெட்டி அணைந்திருந்தது. வால்வுகள் இருட்டாக இருந்தன. தடித்த, சூடான இரைச்சல். ஏறியது. இறங்கியது.

இருட்டில் தடவிப் படியிறங்கி ஓடினாள். கீழே கூடத்தில் டெலிபோன். அதற்கு வீட்டுக் கரண்ட் வேண்டாம். ஜோஸ்வா எழுதும் ஒவ்வொன்றின் அடியிலும் அவன் செல் நம்பர் இருக்கும், அவளுக்கு மனப்பாடம். சுழற்றினாள். மணி போனது.

"ஹலோ, யாருங்க?" பெண்குரல். பின்னால் பெஞ்சு நகரும் சத்தம், குழந்தைகள், யாரோ கிட்டாருக்குச் சுருதி சேர்க்கும் சத்தம்.

ஒன்பதாம் வகுப்பில் நின்றதுபோல நின்றாள்.

"ஹலோ? சத்தமா பேசுங்க."

"பெட்டி..."

"என்னங்க?"

"பெட்டியத் தொடாதீங்க. படம் தப்பு. அந்த வயர நான் அழிச்சிட்டேன்."

"யாரு பேசுறது?"

"காதர் மைதீன்."

அந்தப் பக்கம் சுருதி சேர்க்கும் சத்தம் மட்டும்.

"சின்னப் பொண்ணு கொரலா இருக்கு?"

"நான்தாங்க அது. அந்தப் பேர்ல எழுதுறது நான்தான். சத்தியமா."

"அக்கா," என்றாள் ஜெனிட்டா. கோபமில்லை, அழுது அழுது தேய்ந்த குரல். "அண்ணனுக்கு ஆவாத பசங்க ஃபோரத்துல நெறய பேரு உண்டு, தெரியும். யாரு சொல்லிக்கொடுத்துப் பேசுறீங்களோ. எங்க வீட்ல எழவு விழுந்திருக்குக்கா. இன்னிக்கும் வெளையாடணுமா? காதர் அண்ணன்கிட்ட கேட்டுட்டுதான் வந்திருக்கேன். அவரு படம் தப்பாகாது."

"ஜெனிட்டா, ஜெனி..."

வைத்துவிட்டாள். மறுபடி சுழற்றியபோது செல் அணைந்திருந்தது. ஆராதனை தொடங்கப்போகிறது. எல்லோரும் அணைத்திருப்பார்கள்.

மேலே இரைச்சல் மாறியிருந்தது.

தயக்கம் இல்லை இப்போது. விட்டு விட்டு அடித்தது. விரல் இல்லை, உள்ளங்கை. மூடிய கதவை உள்ளேயிருந்து தட்டுவது மாதிரி. இத்தனை நாளும் தட்டிக்கொண்டுதான் இருந்ததோ?

படியேறினாள். பாதி வழியில் கால் வழுக்கியது. எழுந்தாள். பெட்டியின் வயரைப் பிடித்து இழுத்துச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

அடி நிற்கவில்லை. வேகமானது. பலகையில் வால்வுகள் கிணுகிணுத்தன.

"சொன்னேன்," என்றாள். "சொன்னேன் ஜோஸ்வா. நம்ப மாட்டேங்குறா."

நின்றது.

மழை. தவளைகள். தூரத்தில் எங்கோ மக்ரிப் பாங்கு.

பிறகு, மெதுவாக, ஒரு மெல்லிய இரைச்சல். இது அவனுடையதல்ல. மெலிந்த விரல். சின்ன விரல். ஏறியது. ஏறியது. உச்சிக்குப் போய் அங்கேயே இறுகி நின்றது. இறங்கவில்லை.

இறங்கவில்லை.

நெடுநேரம் கழித்து அதன் பக்கத்தில் தடித்த இரைச்சல் வந்து சேர்ந்தது. தட்டவில்லை. மெல்ல வந்து, சின்னதை ஒட்டி நின்றுகொண்டது, சந்தைக் கூட்டத்தில் தங்கையின் கையைப் பிடித்துக்கொள்வதுபோல.

கரண்ட் வந்தது. தெருவில் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். குழல்விளக்கு துடித்து எரிந்தது. வெள்ளை வெளிச்சத்தில் அறை முழுதும் தெரிந்தது, கட்டில், மேசை, ஈரக்காலின் தடங்கள். ஹுமைரா நடுவில் நின்றாள். வாய் திறந்திருந்தது. பிடுங்கிய பிளக் அவள் கையில் இருந்தது. பெட்டிக்குள் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் விடாமல், இரைந்துகொண்டே இருந்தார்கள்.